ரப்பர் கொட்டை மிதக்குமா?

வாசகர் கேள்வி, வாத்தியார் பதில்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டு இந்த மாதம் ஒரு கட்டுக் கடிதம் வந்து சேர்ந்திருக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் வெண்கட்டி பிடித்தவன் நான். அங்கே பட்டதையும் கண்டதையும் வைத்துத்தான் பதில் எழுதுகிறேன்.

*

ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் நடத்துகிறேன். பயிற்றியில் எல்லாரும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் வகுப்பில் கேள்வி கேட்டால் ஒரு பிள்ளைகூட வாய் திறப்பதில்லை. திரையில் படம் போட்டேன், பாட்டுக் கட்டினேன், வண்ண அட்டை வெட்டினேன். இன்னும் என்ன புதுமை செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, பாகான் செராய்

டீச்சர், முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1990-களின் தொடக்கம். தாவரங்கள் விதை பரப்பும் முறை பற்றிய பாடம். காற்று, நீர், விலங்கு, வெடித்தல் என்று நான்கு வழி. ரப்பர் எப்படிப் பரவும் என்று மாதச் சோதனையில் கேட்டிருந்தேன். விடை ‘வெடித்தல்’. ஒரு பையன் ‘வெடித்தும் பரவும், தண்ணீரிலும் பரவும்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் தப்புப் போட்டேன். அவன் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தான். “சார், கொட்டை மிதக்கும் சார். மழை பேஞ்சா எங்க லயத்துக்குப் பின்னால கால்வாயில மிதந்து போகும்” என்றான். புத்தகத்தில் அப்படி இல்லை, போய் உட்கார் என்றேன். உட்கார்ந்துவிட்டான். அந்த ஆண்டு முடியும்வரை அவன் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து ரப்பர் மரத்தின் பூர்வீகத்தைப் பற்றிப் படித்தேன். அமேசான் காட்டில் ஆண்டுதோறும் வெள்ளம் ஏறும் ஆற்றோரங்களில் வளரும் மரம் அது. காய் வெடிக்கும், கொட்டை தண்ணீரில் விழும், மிதந்து வேறு இடத்துக்குப் போய் முளைக்கும். கால்வாயில் அந்தப் பையன் கண்டதும் இதையேதான். அன்றைக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கொட்டையும் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். வாளி வகுப்புக்கு வெளியே குழாயடியிலேயே இருந்தது. அதை எடுத்து வரத் தோன்றாதது இன்றுவரை என் மனத்தில் உறுத்துகிறது.

உங்கள் பிள்ளைகள் வாய் திறக்காததற்கு வண்ணமும் பாட்டும் குறைவாக இருப்பது காரணமில்லை என்றே நினைக்கிறேன். விடை ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அதைத் தவறில்லாமல் திருப்பிச் சொல்வதுதான் தங்கள் வேலை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அதனால் விடையைத் தள்ளிப் போடுங்கள். எதைச் செய்து காட்டினாலும், செய்வதற்கு முன் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரையும் சொல்ல வையுங்கள். பெயரோடு கரும்பலகையில் எழுதுங்கள். ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்று சரியாகச் சொன்னவனையும் கேளுங்கள், தப்பாகச் சொன்னவனையும் அதே குரலில் கேளுங்கள். நடுவில் மனம் மாறினால் பெயரை அடுத்த பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுங்கள். இதில் உங்கள் முகம்தான் பெரிய சிக்கல். பிள்ளைகள் வாளியைப் பார்க்கமாட்டார்கள், உங்கள் புருவத்தைப் பார்ப்பார்கள். தலை ஆட்டாமல், சிரிக்காமல் நிற்கப் பழக எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

ஓர் ஆரஞ்சுப் பழத்தில் தொடங்கிப் பாருங்கள். தோலோடு வாளியில் போட்டால் மிதக்கும். தோலை உரித்துப் போட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கனம் குறைந்துவிட்டதால் இன்னும் நன்றாக மிதக்கும் என்று பெரும்பாலும் சொல்வார்கள். பழம் மூழ்கும். அப்போது வகுப்பில் எழும் சத்தம் பக்கத்து வகுப்புவரை கேட்கும். அந்தத் தோலின் வெள்ளைப் பகுதிக்குள் இருக்கும் காற்றைப் பற்றி அதற்குப் பிறகு பேசுங்கள், முன்னால் பேசிவிடாதீர்கள்.

உங்கள் பக்கம் ரப்பர் மரம் இன்னும் இருந்தால், கொட்டை ஒன்றை வைத்தே ஒரு மாதம் பாடம் நடத்தலாம். சிமெண்டுத் தரையில் கொட்டையைத் தேய்த்துப் பக்கத்துப் பையன் கையில் சூடு வைக்காத தோட்டத்துப் பிள்ளை எங்கள் காலத்தில் கிடையாது. உராய்வால் வெப்பம் வரும் என்பதற்கு வேறு கருவி எதற்கு? பத்துத் தேய்ப்புக்கு எவ்வளவு சூடு, முப்பதுக்கு எவ்வளவு? சொரசொரப்பான தரையா, வழவழப்பான தரையா, எதில் சீக்கிரம் சுடும்? அப்புறம் முளைக்க வைக்கலாம். இன்று பொறுக்கிய கொட்டை, இரண்டு வாரம் காய்ந்த கொட்டை, இரண்டு மாதம் அலமாரியில் கிடந்த கொட்டை என்று மூன்று டின்னில் ஊன்றி, எது முளைக்கும் என்று ஊகத்தை எழுதி வையுங்கள். பழைய கொட்டை முளைக்காமல் ஏமாற்றும். அப்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள்: 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலில் போனவை ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள். முளைத்தவை 2,700 அளவில்தான். அவற்றிலிருந்து வந்த கன்றுகள் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்து, சில நம் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அந்த மரங்களில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்னமும் நிற்கிறது. மூன்று டின்னையும் பார்த்த பிள்ளைக்கு 70,000 ஏன் 2,700 ஆனது என்று விளக்கவே தேவையில்லை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டு. வாயில் வைக்கக்கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

*

புதிதாக வேலைக்கு வந்தவன். மொத்தம் 19 பிள்ளைகள், கூட்டு வகுப்பு. ஆய்வுக்கூடம் கிடையாது. பள்ளியைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைதான். பட்டணத்துப் பள்ளிகளைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது.
— ஓர் இளம் ஆசிரியர், கூலிம் வட்டாரம்

தம்பி, என் சின்னம்மா தெலுக் இந்தான் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். கையில் ஒரு பீச்சுக்குழல். அதற்குள் மகரந்தத்தோடு முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரியான தூள் கலந்திருக்கும். மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் ஊத வேண்டும். அப்படி ஊதாவிட்டால் குலையில் காய் சரியாகப் பிடிக்காது. ‘ஏன் சின்னம்மா, காத்து அடிச்சா போதாதா?’ என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ‘தொர ஊதச் சொல்றாரு, ஊதுறோம்’ என்பார்.

விடை ஆப்பிரிக்காவில் இருந்தது. செம்பனை அங்கிருந்து வந்த மரம். அங்கே அதன் பூவை நம்பி வாழும் ஒரு சின்னக் கூன்வண்டு உண்டு. மரத்தைக் கொண்டுவந்தவர்கள் வண்டைக் கொண்டுவரவில்லை. கேமரூன் நாட்டிலிருந்து அந்த வண்டை எடுத்து வந்து, வேறு பயிரைக் கெடுக்காது என்று சோதித்துப் பார்த்து, 1981 பிப்ரவரியில் ஜொகூர் குளுவாங் பக்கத் தோட்டம் ஒன்றில் விட்டார்கள். இதை முன்னின்று செய்தவர் சையது என்ற பாகிஸ்தான் பூச்சியியல் அறிஞர். கொஞ்ச காலத்தில் தீபகற்பம் முழுதும் வண்டு பரவிவிட்டது. பீச்சுக்குழல் வேலை முடிந்துபோனது, சின்னம்மாவை உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள்.

அந்த வண்டு உங்கள் பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது. தோட்ட மேலாளரிடம் அனுமதி கேட்டு, வேலை தெரிந்த பெரியவர் ஒருவரை விட்டு, மலர்ந்த ஆண் பூங்கொத்து ஒன்றை வெட்டி வரச் சொல்லுங்கள். பிள்ளைகளை வெட்டும் இடத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். மட்டையில் முள் இருக்கும், குலை விழும். பூவை வகுப்புக்குள் கொண்டுவந்ததும் எதுவும் சொல்லாமல் மோந்து பார்க்க மட்டும் சொல்லுங்கள். ‘சார், சோம்பு வாசனை!’ என்று கத்துவார்கள். யாரைக் கூப்பிட இந்த வாசனை என்று கேட்டு, ஊகங்களை எழுதிவிட்டு, வெள்ளைத்தாளின் மேல் பூவை உதறுங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டரில் பழுப்பு நிற வண்டுகள் கொட்டி ஓடும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருந்தால் அதன் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தையும் பார்க்கலாம். காலையில் எத்தனை, மதியம் எத்தனை என்று எண்ணட்டும். கூட்டு வகுப்பு இங்கே ஒரு வசதி. சின்ன ஆண்டுப் பிள்ளை எண்ணட்டும், பெரிய ஆண்டுப் பிள்ளை பட்டைக்குறிவரைவு போடட்டும்.

இன்னொன்று. செம்பனைத் தண்டில் பழைய மட்டை அடிகள் சுருள் சுருளாக ஏறுவதைக் கவனித்திருப்பீர்கள். நன்றாகத் தெரியும் சுருள் வரிசைகளை வெண்கட்டியால் குறித்து எண்ணினால் ஒரு பக்கம் சாய்ந்து ஏறுபவை 8, எதிர்ப்பக்கம் சாய்பவை 13. சில மரம் வலம்புரி, சில மரம் இடம்புரி. ‘அடுத்த மரம் எந்தப் புரி?’ என்று ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் நிறுத்திக் கேளுங்கள். ஒரு நிரை முடிவதற்குள் பிள்ளைகளே அட்டவணை போடத் தொடங்கிவிடுவார்கள். பட்டணத்துப் பள்ளியில் இதைச் செய்யப் பேருந்து பிடிக்க வேண்டும், தம்பி.

*

நானும் வீட்டுக்காரரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறோம். மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். வீட்டிலும் அறிவியல் சொல்லிக்கொடுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள். ஆறாம் ஆண்டோடு நின்றவள் நான். என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?
— ஒரு தாய், கோலகங்சார் அருகே

அம்மா, விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போகிறீர்களே, ஏன் அந்த நேரம்? பத்து மணிக்கு மேல் வெட்டினால் பால் குறையும் என்று உங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை, உங்கள் கைக்கே தெரியும். அதற்கு உள்ளே நடப்பது இது: இரவில் இலைகளின் சின்னத் துளைகள் மூடியிருக்கும். வேர் இழுத்த தண்ணீர் மரத்துக்குள்ளேயே நிறைந்து, பட்டையில் உள்ள பால் குழாய்கள் நன்றாக விறைத்திருக்கும். அப்போது கத்தி பட்டால் பால் வேகமாக வடியும். வெயில் ஏறியதும் இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போகும், உள்ளழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆனால் இதை மகளிடம் நேரே சொல்லாதீர்கள். ‘ஏன் அம்மா இருட்டில் போகிறேன் தெரியுமா?’ என்று மட்டும் கேளுங்கள். கொசு, வெயில், கங்காணி என்று ஏதாவது சொல்வாள். மழை பெய்தால் என்ன ஆகும், இலை உதிர்காலத்தில் என்ன ஆகும் என்று நீங்கள் கண்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். அவளாகவே தண்ணீர்ப் பக்கம் வருவாள்.

பால் வெட்டும் கோடு ஏன் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை, லேசாகச் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும்.

செய்து பார்க்கவும் ஒன்று இருக்கிறது. அம்மோனியா ஊற்றாத அன்றைய பாலில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று பழைய மங்கில் ஊற்றுங்கள். ஒன்றில் சமையல் வினிகர் ஒரு கரண்டி, ஒன்றில் தண்ணீர் ஒரு கரண்டி, ஒன்றைத் தொடவே வேண்டாம். எது முதலில் கட்டியாகும், எது கடைசி என்று மகள் ஒரு தாளில் எழுதி மடித்து உங்களிடம் கொடுக்கட்டும். பிறகு கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்கட்டும். தொடாமல் விட்ட பாலும் ஏன் மறுநாள் கட்டிப்பாலாகிறது என்று அவள் கேட்டால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதற்குள்ளேயே புளிப்பை உண்டாக்குகின்றன என்று சொல்லுங்கள். தயிர் உறைவதும் இதே மாதிரிதான். ஸ்டோரில் உள்ள திராவகம் பிள்ளை கைக்கு வரவே கூடாது. பள்ளிச் சட்டையோடும் இதைச் செய்ய விடாதீர்கள், பால் கறை போகாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அவள் நேரம் குறித்த தாளைப் பள்ளிக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். அந்த ஆசிரியருக்கு அது தெரியாமல்கூட இருக்கலாம். உங்கள் மகள் சொல்லிக்கொடுக்கட்டும்.

*

ஆறாம் ஆண்டு முடிவில் வைத்த யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு போய்விட்டது. ஆனாலும் பெற்றோர் ‘எத்தனை பயிற்றி முடித்தீர்கள்?’ என்றே கேட்கிறார்கள். பரிசோதனை செய்தால் நேரம் வீண் என்கிறார்கள். சிலர் அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தினால்தான் பிள்ளை முன்னேறும் என்கிறார்கள்.
— ஒரு தலைமையாசிரியர், ஈப்போ

ஐயா, 2021-இல் தேர்வை எடுத்தார்கள். தேர்வுப் பயத்தை எடுக்க இன்னும் சில ஆண்டு ஆகும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உரை வேண்டாம். ஒரு வாளியும் இரண்டு ஆரஞ்சும் வைத்துப் பெற்றோரையே ஊகிக்கச் சொல்லுங்கள்.

மொழி பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2003-இல் முதலாம் ஆண்டில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது நான் வகுப்பில் இருந்தேன். பிள்ளைகள் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள், அதை மறுக்கமாட்டேன். ஆனால் ‘ஏன்?’ என்று கேட்டதும் ஒற்றைச் சொல்லில் நின்றுவிட்டார்கள். அண்ணன் தம்பியோடு எந்த மொழியில் சண்டை போடுகிறார்களோ, அந்த மொழியில்தான் ஏழு வயதில் காரணம் சொல்ல வரும். நம் பிள்ளைகளுக்கு அது தமிழ். காரணம் சொல்லப் பழகிய பிள்ளை ஆங்கிலச் சொல்லைப் பிறகு சேர்த்துக்கொள்ளும். இது என் கண்ணால் கண்டது, நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

*

சார், நான் ஐந்தாம் ஆண்டு. நண்பகல் 12 மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று படித்தேன். சீனப் பெருநாள் விடுமுறையில், பிப்ரவரி இரண்டாம் வாரம், முற்றத்தில் 30 சென்டிமீட்டர் குச்சியை ஊன்றி அளந்தேன். 12 மணிக்கு நிழல் 17 சென்டிமீட்டர். ஒன்றரை மணிக்குத்தான் மிகக் குட்டை, 10 சென்டிமீட்டர். நான் தப்பாக அளந்தேன் என்று அண்ணன் சொல்கிறான். நான் தப்பா சார்?
— ஒரு மாணவி, சுங்கை சிப்புட்

கண்ணு, நீ அளந்தது சரி. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

சூரியன் உச்சிக்கு வரும் நேரம்தான் உண்மையான நண்பகல். அது எப்போது வரும் என்பது நாம் பூமியில் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. நம் ஊர் ஏறத்தாழ 101 பாகைத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நம் சுவர்க் கடிகாரமோ 120 பாகைக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். தேசப்படத்தை எடுத்து அந்த 120 பாகைக் கோட்டைத் தேடிப் பார். அது சபாவின் கிழக்கு முனைக்கும் அப்பால் போகும்! பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். 19 பாகைக்கு 76 நிமிடம். அதனால் நம் ஊரில் நண்பகல் 12-க்கு வராது, ஒன்றே கால் மணியை ஒட்டித்தான் வரும்.

ஆனால் நீ ஒன்றரை என்று எழுதியிருக்கிறாய். 14 நிமிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதிலும் நீ தப்பில்லை. அந்த 14 நிமிடத்துக்குக் காரணம் உண்டு, அதை இப்போது நான் சொல்லப்போவதில்லை. நவம்பர் முதல் வாரம் அதே இடத்தில் மறுபடி அளந்து, மிகக் குட்டை நிழல் எத்தனை மணிக்கு வந்தது என்று எனக்கு எழுது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள், ஒரு மணியிலிருந்து ஒன்றே முக்கால்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஆணி அடித்துக் குறி வை. குச்சி நேராக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துக்கொள். சூரியனை நேராகப் பார்க்காதே, நிழலை மட்டும் பார். நீளத்தை எழுதுவதோடு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, வாசல் பக்கமா, கொல்லைப் பக்கமா என்றும் எழுது. அதை நீ கடிதத்தில் சொல்லவில்லை, எனக்கு அது வேண்டும்.

இனி ஒவ்வொரு வாரமும் நிழல் குட்டையாகிக்கொண்டே வரும். ஒரு நாள் குச்சிக்கு நிழலே இருக்காது. அது எந்த வாரம் வரும்? அதற்கு மறு வாரம் நிழல் என்ன செய்யும்? அண்ணனும் நீயும் தனித்தனித் தாளில் ஊகத்தை எழுதி, தேதி போட்டு, அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். குச்சியைப் பிடுங்கினால் அதே ஓட்டையில் திரும்ப ஊன்ற வேண்டும்.